தாங்கள் காலமாகாதது குறித்து

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை

பிரியமுள்ள வெங்கிட்டு அண்ணாவுக்கு, சித்தப்பா பிள்ளை பரமேச்வரன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலாக்ஷியும் சௌக்கியம். தாங்கள் சௌக்கியமாக இருப்பதை இரண்டு வாரம் முன்பு ஏலூரில் நேரிலேயே பார்த்து அதிர்ந்துபோனதால் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. அறுபது வருஷமாய் ஒன்றாக இருந்தவர்கள் ஒரு மலர்வளையத்துக்காகப் பிரியக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை சங்கர்ராமுக்கு, 'அப்பா ஆத்துலே இருக்காரா?' என்று போனில் எழுதிக் கேட்டிருந்தேன். 'அப்பா காலம்பற போனார், சாயங்காலம் ஆத்துக்கு வந்துடுவார்' என்று தங்கள் பிள்ளை பதில் போட்டான். எனக்குக் கொஞ்ச நாளாகவே சின்ன எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான். போனைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்து வாசித்ததில் அது 'காலமானார்' என்று பட்டது. சாயங்காலம் ஆத்துக்கு வருவார் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். சந்தேகத்துக்குத் தங்களையே கூப்பிட்டுப் பார்த்தேன். தாங்கள் எடுக்கவில்லை. அதோடு உறுதியாகிவிட்டது. பிள்ளையைத் துக்கத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கமலாக்ஷியை அழைத்துக்கொண்டு கிளம்பி, எர்ணாகுளத்தில் மலர்வளையம் வாங்கி, தங்கள் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லி, ஏலூர் பஸ்ஸில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். நல்ல கூட்டம். ஆனாலும் உட்கார இடம் கொடுத்தார்கள்.

தங்கள் வீட்டில் மன்னி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். வளையத்தை வாசலிலேயே சாத்திவிட்டு, மெதுவாக, "எப்போ போனார் மன்னி?" என்றேன்.

"காலம்பற ஆறரைக்காக்கும்."

"கஷ்டப்பட்டாரா?"

"எந்தக் கஷ்டம்? வாசல்லேயே பஸ் கெடச்சுது."

கமலாக்ஷி என்னைப் பார்த்தாள். நான், "கொண்டுவர எத்தனை மணியாகும்?" என்று கேட்டேன்.

"ஆரும் கொண்டுவர வேண்டாம். தானே நடந்து வருவார். நீங்க சாயா குடிங்கோ."

துக்கத்தில் மன்னிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கமலாக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், எதற்கென்று தெரியாமல் மன்னியும் கூட அழுதாள். அந்தச் சமயத்தில்தான் தாங்கள் கப்பைக்கிழங்குப் பையோடு வந்து வாசலில் நின்று, "இது ஆருக்காக்கும்?" என்று கேட்டீர்கள். எனக்குச் சட்டென்று பொய் வராது. "அண்ணாவுக்குத்தான்" என்றேன். தாங்கள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கமலாக்ஷி போனைப் பிடுங்கி வாசித்தாள். "காலம்பறன்னு தெளிவாயிட்டு இருக்கே. ஒங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எத்தனை தடவை பறஞ்சேன்?" அறுபத்திரண்டு வயதாகியும் கண்ணாடி தேவைப்படாதவள், அண்ணா. அதற்கு மேல் நான் பேச முடியுமா? மறுநாளே பஜாரில் அனிலின் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள். எழுத்து அட்டை ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னான். நான் நீட்டிப் பிடித்தேன், இன்னும் நீட்டினேன், அட்டை அவன் மூக்கில் இடித்தது. "சாரே, இனி நீட்ட கடையில் ஸ்தலமில்ல" என்றான். இப்போது கண்ணாடி மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருஷமாய் தினமும் குடிக்கிற இருமல் கஷாயம் குடிப்பதற்கு அல்ல, முட்டிக்குத் தடவுவதற்கு என்று தெரிந்துகொண்டேன்.

தப்பு என் கண்ணுடையது. முழு மனதோடு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அன்று வளையத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது, இனி ஏலூருக்கு எதற்கு வரப்போகிறோம் என்று நினைத்து அழுதேனே, அதில் மட்டும் ஒரு தப்பும் இல்லை.

மன்னிக்கு எங்கள் இருவர் நமஸ்காரம். சங்கர்ராமுக்கு ஆசீர்வாதம். அண்ணாவைத் தம்பி ஆசீர்வதிக்கக் கூடாது என்பதால் தங்கள் தீர்க்காயுசைப் பகவானிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன்.

தங்கள் பரமேச்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன், சங்கர்ராம் எழுதியதைச் சரியாகக் குறிப்பிட்டிருக்கிறேனா என்று பார்க்க, வெட்கத்தால் இத்தனை நாள் திறக்காத அந்தச் செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்தேன். அண்ணா, 'காலமானார்' என்றுதான் இருக்கிறது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "சித்தப்பா, நான் வாயாலே பறஞ்சு அனுப்பினதாக்கும். போன் தானே எழுதித்து, நான் நோக்கலை" என்கிறான். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். கேட்க வேண்டியது தங்கள் வீட்டார்தான். ஆனால் அப்படியென்றால் அன்று பஸ்ஸில் 'காலம்பற' என்று வாசித்தவள் கண்ணுக்கு என்ன என்ற கேள்வி வரும். கமலாக்ஷி பக்கத்து அறையில் போனைக் கை நீளத்துக்குப் பிடித்து எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். தாங்கள் தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்.