மேட்சிங் அண்ணனும் என் கோட்டு கர்சீப்பும்

எங்கள் அரியலூரில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஜாக்கெட்டுக்கு நிறம் குறிப்பவர் மேட்சிங் அண்ணன் ஒருவர்தான். பட்டப்பெயரைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். சிமென்ட் லாரிகள் ஓடி ஓடி, வேப்பிலை முதல் மனிதர் தலைமுடி வரை எல்லாம் சாம்பல் பூத்துப்போன ஊரில், ஆயிரம் ஜாக்கெட் பிட்டை அடுக்கி வைத்துக்கொண்டு, எந்தப் புடவைக்கும் பத்துத் துணிக்குள் பொருத்தம் காட்டிவிடுவார்.

அவர் தொழில் செய்கிற விதத்தை முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டுபோவார்கள். மனிதர் துணியைப் பார்க்கவே மாட்டார். வாங்க வந்த பெண்ணின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தபடி, துணிகளை ஒவ்வொன்றாகப் புடவைமேல் போடுவார். அந்தம்மா வாயைத் திறக்கும் முன்பே "இது இல்ல, விடுங்க" என்று உருவிவிடுவார். "இது என்ன கலருண்ணே?" என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். "கலருக்குப் பேரு வச்சா, கூப்புட்டாத் திரும்பிப் பாக்கப் போவுதா?" என்பார்.

சந்தேகம் வந்துவிட்டால் புடவையோடு தெருவில் இறங்கிவிடுவார். வெயிலில் பார்ப்பது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். இவர் ஒருநாள் சுண்ணாம்புக்கல் லாரியையே கை காட்டி நிறுத்தி, "டிரைவர் தம்பி, இந்த ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்று கேட்டார். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறார். டிரைவர் இறங்கி வந்து, உற்றுப் பார்த்து, "வேறங்க, இது கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று அண்ணன் அந்தம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார். இதல்லவோ தொழில் பக்தி என்று நானும் வியந்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

பெரம்பலூரில் எனக்குப் பெண் நிச்சயமாயிற்று. பெயர் சுகந்தி. நகை, மண்டபம், சாப்பாடு எதிலும் வாய் திறக்காதவள், போனில் ஒன்றே ஒன்று கேட்டாள். "கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் ரிசப்ஷன்ல, எம் பொடவைக்கு உங்க டையும் கோட்டுப் பாக்கெட்ல வக்கிற கர்சீப்பும் மேட்ச்சா இருக்கணுங்க. எங்கூடப் படிச்சவளுங்க எல்லாம் வராளுங்க. வேற எதுவும் வேணாம்."

அவள் கேட்ட முதல் விஷயம். இதில் கோட்டை விட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள் என்று கல்யாணமான நண்பர்கள் பயமுறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த டை, பள்ளிக்கூடத்தில் மாட்டிய எலாஸ்டிக் டை ஒன்றுதான். அண்ணனிடம் ஓடினேன்.

புடவையின் போட்டோவைக் காட்டினால் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். "போட்டோவுல கலரு பொய் சொல்லும். துணியக் கொண்டா." சுகந்தி புடவையோடு வந்த ஜாக்கெட் துணியில் ஒரு முனையை வெட்டி, அரியலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். விரலகல மெரூன் பட்டு. அதை வாங்கிக்கொண்டு கடைக்குப் போன நேரம் அடைமழை. கரண்ட் இல்லை. தெருவில் ஈ காக்காய் இல்லை.

சட்டை சுலபமாக முடிந்தது. "வெள்ளை போட்டுக்க. வெள்ளை யாரையும் காட்டிக் குடுக்காது" என்றார். டையையும் கர்சீப்பையும் ஜாக்கெட் பிட்டிலேயே தைத்துவிடலாம் என்று, துணிகளை ஒவ்வொன்றாக என் கழுத்தில் போட்டு முகத்தைப் பார்த்தார். என் முகம் பிறவியிலேயே கல். எனக்குப் பசியா, காய்ச்சலா என்பதை என் அம்மாவே வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். போதாக்குறைக்கு, அந்த இருட்டில் எனக்கு எல்லாத் துணியும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"ஏம்ப்பா, புடிச்சிருக்கா இல்லையா?"

"நீங்க பாத்தா சரிதாண்ணே."

"நான் பாக்குறது கெடக்கட்டும். நீ மூஞ்சியக் கொஞ்சம் அசைச்சுக் காட்டேன்."

"இதாண்ணே என் மூஞ்சி."

அந்த மழையிலும் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "தைச்சு வைக்கிறேன். ரிசப்ஷன் அன்னிக்கு நானே கொண்டாந்து கட்டிவுடுறேன், போ" என்று அனுப்பிவிட்டார்.

சொன்னபடி பெரம்பலூர் மண்டபத்துக்கு வந்தார். மாப்பிள்ளை அறையில் நானும் அவரும் மட்டும். பொட்டலத்தைப் பிரித்தார். மெரூன் டை, சுகந்தியின் புடவையிலிருந்தே கிழித்த மாதிரி அத்தனை பொருத்தம். போனில் வீடியோ பார்த்துப் பழகி வந்திருந்தார், கச்சிதமாகக் கட்டினார். பிறகு கர்சீப்பை மடித்து என் கோட்டுப் பாக்கெட்டில் செருகினார். கண்ணாடியைப் பார்த்தேன்.

கர்சீப் பாட்டில் பச்சை.

என் ஆயுளில் முதல்முறையாக என் முகம் அசைந்தது. அதைப் பார்த்த அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி, வேறயா?"

"அண்ணே, இது பச்சைண்ணே."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் தம்பி. சின்ன வயசுலேர்ந்தே. டைத்துணிய மறுநாள் கடைக்கு வந்த ஒரு டீச்சரம்மாகிட்ட உன் பட்டுத்துண்டக் காட்டி, அவங்க மூஞ்சியப் பாத்துத்தான் எடுத்தேன். கர்சீப்புக்குத் துணி பத்தல. அதே அடுக்குல இன்னொண்ண உருவிட்டேன்."

"பின்ன இத்தன வருசமா கடையில?"

"வர்றவங்க மூஞ்சியப் பாப்பேன். தெருவுல போறவங்களக் கேப்பேன். ஒரு நாளும் தப்புனதில்ல."

எங்கள் ஊர் ஜாக்கெட் அத்தனையும் கண்முன்னே வரிசையாக ஓடியது. என் அம்மாவின் ஜாக்கெட்டும் அதில் இருந்தது.

"கழட்டிடு தம்பி. பாக்கெட்டு காலியா இருக்கட்டும்" என்றார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். முன் நான்கு வரிசையும் அவருடைய வாடிக்கையாளர்கள், அரியலூரிலிருந்து வேனில் வந்தவர்கள். மாப்பிள்ளைக்கு டையும் கர்சீப்பும் மேட்சிங் அண்ணன் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று அம்மா வேன் முழுக்கச் சொல்லியிருந்தார். பாக்கெட் காலியாக இருந்தால் "எங்க கர்சீப்பு?" என்று தோண்டித் துருவி விஷயத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். அதோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். பச்சையோடு போனால், நானே கேட்டு வாங்கியது என்று சமாளித்துவிடலாம், ஆனால் சுகந்திக்கு என்ன பதில் சொல்வது? அண்ணன் கர்சீப்பை உருவக் கை நீட்டினார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பச்சையோடே மேடை ஏறினேன்.

சுகந்தி என் பாக்கெட்டைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என்னங்க இது?"

"நான்தான் பச்சை கேட்டேன். எனக்குப் புடிக்கும்."

தாலி கட்டும் முன்பே முதல் பொய். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பார்வை என்னைவிட்டு முன்வரிசைக்குப் போனது. அங்கே அண்ணன் கர்சீப்பைப் பார்க்காமல், வியர்த்து வழிய, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தாள்.

அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த முன்வரிசையில் ஓர் அம்மா, "கான்ட்ராஸ்ட்டுடி, இப்ப இதான் பேஷனு" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த முகூர்த்தத்தில் அரியலூரில் மெரூன் புடவைக்கெல்லாம் பச்சை ஜாக்கெட்தான்.

அன்று அறைக்குள் நடந்ததை நான் சுகந்தியிடம் சொல்லவே இல்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கடைக்குப் போனால் அவளைப் பார்க்க வேண்டும். வீட்டில் அத்தனை அமைதியானவள், அங்கே பிடிக்காத துணிக்கு வேப்பெண்ணெய் குடித்தவள்போல மூஞ்சியைச் சுளிக்கிறாள். சரியான துணி வந்து விழுந்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கூடவே, "இந்த மெரூன் சரியா இருக்குண்ணே" என்று நிறத்தின் பெயரையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறாள்.

போன வாரம் என் சட்டைக்கும் அண்ணனே நிறம் பார்க்கட்டும் என்று கிளம்பினோம். புறப்படும் முன் நான் கண்ணாடி முன்னால் நின்று, கொஞ்ச நேரம் சிரித்துப் பழகிக்கொண்டுதான் போனேன்.