உபதேசியார் உடம்பில் தங்காத ஸ்வெட்டர்

ஒருவருக்கென்று நான் கொடுத்ததை அவர் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால், கொடுத்தது நானா, அவரா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. போதகரிடம் கேட்டேன். தேத்தண்ணி ஆறுகிறது என்றார்.

மலைநாட்டிலேயே பிறருக்கு அதிகத் தொல்லை கொடுத்தவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் பழைய தோட்டத்து உபதேசியார்தான் முதற்பரிசு வாங்குவார். வாங்கிய பரிசையும் வாசலிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. என் கணவர் அங்கே பள்ளிக்கூட மாஸ்டர். கல்யாணத்துக்கு முன் நானும் பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் டீச்சரம்மா. உபதேசியார் கோயிலை ஒட்டிய அறையில் தனியாக இருந்தார். ஞாயிறு ஜெபம் நடத்துவதும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நோயாளிகளைப் பார்ப்பதும் அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயரைத் தோட்டமே மறந்துவிட்டது. ‘எடுத்துக்கோங்க’ என்றால்தான் தெரியும். ஒரு பொருளை யாராவது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், “எடுத்துக்கோங்க” என்பார். அது அவருடைய பொருளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு மழை நாளில் என் கணவர் தம் குடையை அவருக்கு இரவல் கொடுத்தார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்தக் குடையின் கீழே கொழுந்தெடுக்கும் பாக்கியம் நின்றாள். உபதேசியார் சொட்டச் சொட்ட நனைந்தபடி எங்கள் வீட்டைக் கடந்து போனார்.

“குடை எங்கங்க?” என்றேன்.

“நல்லா இருக்குங்க டீச்சரம்மா. பாக்கியத்துக்கிட்ட இருக்கு.”

“அது மாஸ்டரோட குடைங்க!”

“ஆமாங்க, அவகிட்டயும் சொல்லிட்டேன். மாஸ்டருக்காக ஜெபம் பண்றேன்னா.”

அந்த மழைக்காலம் முழுவதும் என் கணவர் அந்த ஜெபத்தைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்.

கிறிஸ்மஸ் நாடகத்துக்காக, துரை பங்களாவில் கழித்துப்போட்ட திரைச்சீலைகளை வாங்கி குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று சாஸ்திரிகளுக்கும் அங்கி தைத்தேன். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடகத்தன்று மத்தியானம் மேல் லயத்தில் ஒரு பிரசவம். பிள்ளையைச் சுற்றத் துணி இல்லையாம். பிள்ளைக்கு ஓர் அங்கி போயிற்று. தாய்க்கு ஒன்று. பிள்ளையின் அத்தைக்காரி குளிருது என்றாளாம், அவளுக்கும் ஒன்று. மாலையில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூவரும் கிழிந்த பனியனோடு மேடையேறினார்கள்.

நுவரெலியாவிலிருந்து வந்திருந்த போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “இவங்க யாரு உபதேசியாரே, மேய்ப்பர்களா?”

“சாஸ்திரிகள்ங்கய்யா. வர்ற வழியில எல்லாத்தையும் கொடுத்துட்டாங்க.”

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரிப் பரிசுத்தவான்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவர்கள் மனசு லேசாகும்போதெல்லாம் அடுத்தவர் அலமாரியும் லேசாகிறது. இப்படி எழுதுவது பாவமோ என்று ஒருமுறை பேனாவைக் கீழே வைத்தேன். குடை ஞாபகம் வந்தது, திரும்ப எடுத்துவிட்டேன்.

அந்தப் பனிக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. “உடம்புக்குச் சூடா ஒன்னும் போடாம இன்னொரு பனிக்காலத்தை இவர் தாண்டமாட்டார்” என்று தோட்டத்து டாக்டரய்யா சொல்லிவிட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கெட்டியான நூலில் ஸ்வெட்டர் ஒன்று பின்னிக் கொடுத்தேன். மறுவாரமே அது இரவுக் காவல்காரன்மேல் ஏறிக்கொண்டு போயிற்று.

“ரெண்டு இருந்தா ஒன்னைக் கொடுங்க. உங்களுக்கு இருந்ததே ஒன்னுதானே!”

“ஒன்னுதான் இருந்தா லேசுங்க டீச்சரம்மா. எதைக் கொடுக்கறதுன்னு யோசிக்கவே வேண்டாமே” என்றார், இருமலுக்கு நடுவே.

“கொடுத்துட்ட இல்ல? அதோட விடு” என்றார் என் கணவர். குடையையே விட்டவர், வேறென்ன சொல்வார்?

நான் விடவில்லை. மிச்சம் மீதி நூலையெல்லாம் சேர்த்து இரண்டாவதைப் பின்னினேன். கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் பட்டை பட்டையாக. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எல்லாம் வேண்டுமென்றேதான். மனிதப் பிறவி எதுவும் அதை ஆசைப்பட்டுப் பார்க்காது என்று நம்பினேன். பார்க்கவும் இல்லை.

சில வாரம் கழித்துக் கோயிலுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்த தாய்மாரின் மடிகளில் குழந்தைகள். ஒவ்வொரு தலையிலும் ஒரு குல்லாய், கிளிப்பச்சையும் கத்தரிப்பூவுமாக. மனிதர் ஸ்வெட்டரைப் பிரித்து, பின்னத் தெரிந்த ஒருத்தியிடம் நூலைக் கொடுத்திருக்கிறார்! அவரோ மெல்லிய சட்டையில் இருமிக்கொண்டே பிரசங்கம் செய்தார்.

முடிந்ததும் வாசலில் மறித்தேன். “நான் கொடுத்த ஸ்வெட்டர் எங்கங்க?”

“எல்லாம் கோயிலுக்கு வந்திருக்குங்க” என்றார் பெருமையாக. பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு குல்லாயை எடுத்தார். “நம்ம பாப்பாவை மறப்பேனா? எடுத்துக்கோங்க.”

என் நூலை எனக்கே தானம் பண்ணுகிற ஆளை என்ன செய்வது? போதாததற்குக் குல்லாய் பாப்பாவுக்குச் சரியான அளவு.

கணவருக்கு மாற்றலாகி இப்போது நாங்கள் அட்டனில் இருக்கிறோம். பாப்பாவுக்குப் புதுக் குல்லாய் வாங்கியாயிற்று. பழையதைக் கழற்றினால் அழுகிறாள். போன வாரம் பாக்கியம் எங்களைப் பார்க்க வந்தாள், எங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு.

“உபதேசியாருக்கு இருமல் விடவே இல்லீங்கம்மா. இப்பவும் அந்த ஒத்தச் சட்டையோடதான் திரியிறாரு” என்றாள்.

மூன்றாவது ஸ்வெட்டர் ஊசியில் ஏறிவிட்டது. அளவு யாரிடமும் கேட்கவில்லை, என் விரலுக்கே தெரியும். முதுகில் பொத்தான் வைத்தால் அவர் கைக்கு எட்டாது. ஆனால் கழற்றிவிட ஆள் கூப்பிடுவார், அந்த ஆளிடமே “எடுத்துக்கோங்க” என்பார். உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டால் குளிப்பது எப்படி? பின்னல் தெரிந்த சகோதரிகளே, போட்டவர் கழற்றவும் முடியாத, பிரிக்கவும் முடியாத பின்னல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பனி இறங்குவதற்குள் எழுதுங்கள். அந்த மனிதர் இன்னும் நிறையப் பேருக்குத் தொல்லை கொடுக்க வேண்டியிருக்கிறது.