ஹம்ஸா அனுப்பிய வாயுப் படம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை

செல்வ மகள் ஹம்ஸாவுக்கு அப்பா சாரங்கபாணி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டாள் புண்ணியத்தில் இங்கு நானும் அம்மாவும் உடம்புக்குச் சௌக்கியம். மனசுக்குத்தான் சௌக்கியமில்லை. ஐந்து நாளாக நீ கோபத்தில் போனை எடுக்காததால் புனேவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். போன வாரம் நீ ஒரு படம் அனுப்பினாய் அல்லவா, சிவப்பும் நீலமுமாகக் குழம்பிப் போய், "நடுவுல கேஸ் எப்படி வெளியேறுதுன்னு இப்பத்தான் தெளிவாத் தெரியுதுப்பா, ஆறு வருஷக் கஷ்டம்" என்று. நான் அதை ஸ்கேன் படம் என்று நினைத்துவிட்டேன். ஆறு வருஷமா புள்ள வயித்து வலியோட தனியாக் கெடந்திருக்காளேன்னு அழுதுட்டேன் தாயி. அழுததோட விட்டிருக்கலாம். சம்பந்தம் பண்ற எடத்துல எதையும் மறைக்கக் கூடாதுன்னு ராஜபாளையத்துக்குப் போன் போட்டு, ஒனக்கு மாமியாரா வரப்போற சௌந்தரவல்லி அம்மாகிட்ட, "எம் பொண்ணுக்கு நடுவயித்துல வாயு, நாள்பட்ட வியாதி"ன்னு சொல்லிப்புட்டேன். அவிய என்ன ஏதுன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. பொறவு, "நிச்சயதார்த்தத்தத் தள்ளி வைப்போம்"னுட்டாங்க.

மறுநாள் ஒனக்கு அனுப்ப ஓமத்திரவம் பார்சல் கட்டிக்கிட்டிருந்தப்ப எதுத்த வீட்டுல இருக்கிற, சயின்ஸ் எடுக்கிற ஜெபா டீச்சர் படத்த வாங்கிப் பாத்தாங்க. "சார், இது வயிறில்ல, கேலக்ஸி. கோடிக்கணக்கான நட்சத்திரம் கூடிக் கெடக்கிற எடம். அதோட மையத்துல இருக்கிற வாயுவ உங்க மக ஆறு வருஷமா ஆராய்ச்சி பண்ணி, அளந்து வரைபடமாப் போட்டிருக்கா. சிவப்பு நம்மள விட்டு விலகிப் போறது, நீலம் நம்ம பக்கம் வாரது"ன்னாங்க. அடிச்சுப் பிடிச்சு பஸ் ஏறி ராஜபாளையம் போயி, அவிய நடுவீட்டுல நின்னு அம்புட்டையும் ஒப்பிச்சேன். சௌந்தரவல்லி அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அம்புட்டு தூரத்துல வாயு வெளியேறினா இவளுக்கு என்ன நட்டம்?"

'அத நான் அவகிட்டக் கேட்டதே இல்லம்மா'ன்னு சொன்னேன். அதுதான் தாயி உறுத்துது. தெனமும் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டேன்; 'என்னத்தப் பாக்குற, எதுக்குப் பாக்குற'ன்னு ஒரு நாளாவது கேட்டேனா? மாப்பிள்ளை ஜனார்த்தன் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தார். நீயா விரும்பின எடம். நானாக் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு.

இனி உன் விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன். ரங்கமன்னார் உனக்குத் துணையிருப்பார்.

இப்படிக்கு,
உன்னைத் தலைகுனிய வைத்த அப்பா,
சாரங்கபாணி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் சௌந்தரவல்லி அம்மா போன் போட்டாங்க. மாப்பிள்ளை நேத்தே புனேவுக்கு ரயிலேறிட்டாராம். "வாயு அவ வயித்துல இருந்தாலும் சரி, வானத்துல இருந்தாலும் சரி, அவளத்தான் கட்டுவேன்"னு சொல்லிட்டுப் போனாராம். தை பிறந்ததும் தேதி வைக்கலாம்னு அந்தம்மாவே சொல்லுதாங்க. ஆகவே மேலே எழுதியுள்ளதைப் படிக்காமல் கிழித்துவிடவும்.