தங்கைக்கு முன்னால் போட்டுக்கொண்ட சொட்டு மருந்து

வீரம் காட்ட நினைப்பவன் முதலில் மருந்து பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படிக்க வேண்டும். நான் படிக்கவில்லை. (படித்திருந்தாலும் போட்டிருப்பேன். அந்த வயதில் அவ்வளவு மண்டைக்கனம்.)

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, வேலை கிடைக்காமல், சட்டைப் பையில் பேனாவோடு எங்கள் ஊர் காஜா பேராங்கைச் சுற்றிவந்த பெரிய மனிதன் நான். தங்கை சரோஜாவுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு முடியும் தோலும் வெள்ளை. வெயிலில் கண் கூசும், கருவிழி நிற்காமல் ஆடும். "வெள்ளைக்காரனெல்லாம் கப்பலேறிட்டான், நீ ஏன் போகல?" என்று தெருப்பிள்ளைகள் கேட்பார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவளைச் சேர்க்கத் தயங்கினார். "படிக்கிற அளவுக்குப் பார்வை இருக்குன்னு டாக்டர் கடுதாசி வேணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட பேர்ப்பதிவு முடியுது" என்றார். கண் டாக்டர் எங்கள் ஊருக்கு வருவதே வெள்ளிக்கிழமைதான். அப்பாவுக்கு வேலை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன்.

மிஸி (நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொட்டு மருந்தை எடுத்ததும் சரோஜா நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மிஸி வேறொரு பிள்ளையிடம் திரும்பிய நேரத்தில் நான் பாட்டிலை எடுத்தேன்.

"இதுல என்னா இருக்கு? அண்ணன் போட்டுக் காட்டறேன், பாரு."

இரண்டு கண்ணிலும் தாராளமாக மும்மூன்று சொட்டு. சரோஜா வெளியே வந்து சமர்த்தாக ஒவ்வொரு சொட்டு மட்டும் போட்டுக்கொண்டாள். மிஸி என்னை முறைத்ததுதான் அன்று நான் தெளிவாகப் பார்த்த கடைசிக் காட்சி.

கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் காமிரா எங்கள் ஊருக்கு வராத காலம் அது. டாக்டர் ஒரு சிறு விளக்குக் கருவியால் சரோஜாவின் கண்ணுக்குள் பார்த்துப் பார்த்து, தெரிந்ததை வண்ணப் பென்சிலால் வரைந்தார். மிஸி அந்தப் படத்தைக் காட்டி அவளுக்கு மலாயில் விளக்கினார். நான் கவனிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் முள் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, படத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

கண்பாவையை விரியவைக்கும் மருந்து அது; வாசலுக்கு வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. கண்ணீர் கொட்டியது. ஓர் அடி வைக்க முடியவில்லை. சரோஜா தன் குடையை என் தலைக்கு மேல் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை.

"எனக்குப் பழக்கம்தான்ணே. கண்ணப் பாதி மூடிக்கிட்டு தரையைப் பாத்து நடங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணத் தொறந்து நட" என்று அவளைத் தினமும் அதட்டியவன் நான். வெட்கமாக இருந்தது.

பள்ளியில் தலைமையாசிரியர் கடிதத்தை என்னிடமே நீட்டினார். "எனக்கு இங்கிலீசு வராது. நீங்கதான் படிச்சவராச்சே, சொல்லுங்க."

எழுத்தெல்லாம் ஒரே மசமசப்பு. கண் தெரியவில்லை என்று சொல்ல கௌரவம் விடவில்லை. கடிதத்தை விட்டுவிட்டுப் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். "பாத்தீங்களா சார், இந்த ரத்தக் குழாய் கீழேருந்து மேல..."

"அண்ணே, அதைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க."

சரோஜா தாளை வாங்கி மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். "சார், இது என் கண்ணுக்குப் பின்பக்கம். மத்தவங்களுக்கு இங்க நிறம் இருக்குமாம். எனக்கு இல்ல, அதான் கண்ணு கூசுது. நடுவுல இந்த இடம் சரியா வளரல, அதனால தூரத்துல இருக்கிறது தெரியாது. கிட்ட வச்சா படிப்பேன். முன்னால உக்கார வச்சா போதும்னு மிஸி சொன்னாங்க."

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பி, "அப்ப கண்ணு தெரியாதது யாருக்கு தம்பி?" என்று கேட்டார். அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 'முதல் பெஞ்சு' என்றும் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் மேதாவித்தனம் காட்டினாலும், "அண்ணனோட சொட்டு மருந்து போட்டுக்கிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் கேட்டாகிவிட்டது.

சென்ற மாதம் எனக்குக் கண் பரிசோதனை. இப்போது கண்ணின் பின்புறத்தை இயந்திரம் நொடியில் படமெடுத்துவிடுகிறது, ஆனால் சொட்டு மருந்து மட்டும் மாறவில்லை. நர்ஸ் பாட்டிலோடு வந்ததும் துணைக்கு வந்த சரோஜா குனிந்து கேட்டாள்:

"நான் மொதல்ல போட்டுக் காட்டவாண்ணே?"

வெளியே நல்ல வெயில். அவள் குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள். நான் கூனிவிட்டதால் இப்போது எட்டுகிறது.