சோதனைக்காக ஒரு பெயர்

வாஹித் எழுந்தான். செம்புக் குவளையில் காப்பி காய்ச்சினான். அடுப்பை அணைத்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அணைந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தான். முன்பெல்லாம் அணைத்தாயா என்று மனைவி ஆஸ்ரா கேட்பாள். இரண்டு வருடமாக அவனே பார்த்துக்கொள்கிறான். பிறகு டிராம் பிடித்தான்.

தலைநகர் சரயேவோவில் அவன் வேலை பார்த்த அலுவலகம் நாட்டின் பதின்மூன்று போலீஸ் படைகளையும் ஒருங்கிணைத்தது. அதாவது, ஒரு படை எழுதுவதை மற்ற பன்னிரண்டுக்கும் அனுப்பும். யாரையும் பிடிக்க அதற்கு அதிகாரமில்லை. விடவும் இல்லை.

அன்று புதிய கணினியில் 'காணாமல்போனவர்' படிவத்தைச் சோதிக்க வேண்டும். பெயர்க் கட்டத்தில் விரல் தானாக ஆஸ்ராவின் பெயரை அடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் மறைந்தபோது நெரெத்வா ஆற்றங்கரையில் அவளுடைய ஒற்றைக் காலணி மட்டும்தான் கிடைத்திருந்தது. படிவத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக எல்லாப் படைகளுக்கும் அனுப்பிவிட்டான்.

கடைசியாகப் பார்த்தது யார் என்று ஒரு படை கேட்டது. தேட வேண்டாம், இறந்துவிட்டார் என்று எழுதினான். உடல் எங்கே என்றது இன்னொரு படை. உடல் இல்லை என்றான். அப்படியானால் இறந்தது உமக்கு எப்படித் தெரியும் என்று மூன்று படைகள் ஒன்றாகக் கேட்டன. நான் அவள் கணவன் என்று எழுதினான்.

அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் தான் எழுதியதை அவன் முதலிலிருந்து படித்துப் பார்த்தான்.

பக்கத்து மேசை ஸ்லாவ்கோ தன் திரையைப் பார்த்தான். "கொலை விசாரணைக்குத் தேவைன்னு உன் பேர்ல ஒரு தேடல் அறிவிப்பு வந்திருக்குடா. எல்லாருக்கும் அனுப்பணுமாம்."

"அனுப்பாதே."

"அனுப்பாம இருக்க நமக்கு ஏது அதிகாரம்?" அனுப்பிவிட்டான். "பயப்படாதே. உன்னை யார் பிடிக்கிறதுன்னு அவங்க முடிவு பண்ணவே சாயங்காலம் ஆகும்."

ரத்து செய்ய வழியுண்டா என்று வாஹித் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். காணாமல்போனவர் கிடைத்தால் மட்டும் ரத்தாகும் என்றிருந்தது.

மூன்று மணிக்கு வாசலில் இரண்டு படைகளின் வண்டிகள் நின்றன. அவனை எந்த வண்டியில் ஏற்றுவது என்று கீழே வாக்குவாதம். வாஹித் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தொலைபேசி அடித்தது. வடக்கே பிர்ச்கோ நகரப் படையிலிருந்து கொர்தானா என்ற காவலர்.

"உங்க பேர்ல இருக்கிறதை எடுத்துடலாம் சார். உங்க மனைவி கிடைச்சுட்டாங்க. இங்க ரொட்டிக் கடை வச்சிருக்காங்க, நல்லா இருக்காங்க."

வாஹித் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"உங்ககூடப் பேச மாட்டேன்னு சொல்லிட்டாங்க. முகவரியும் தரக் கூடாதாம். நான் கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க சார். 'அடுப்பை அணைக்கிறானா?'"