அதைவிடத் திறமானது

திரு. வீரக்குட்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. புலம்பெயர்ந்து வந்த இந்தப் பனிநாட்டில் வீடு ரூஜில், வேலை ஒஷாவாவில் ஒரு பண்டகசாலையில். 1993 ஏப்ரலில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் திட்டக் குழுத் தலைவரானார். மறுமாதம், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் தவமலர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். கோடையில் பள்ளிக் கிணறு வற்றிவிடுகிறது. பிள்ளைகள் பாட நேரத்தில் முக்கால் மைல் நடந்து தண்ணீர் எடுக்கிறார்கள். மாரி மழையைப் பிடிக்க ஓட்டுக் கூரையோரம் நீரை ஏந்தும் ஒரு பீலியும் கீழே ஒரு சீமெந்துத் தொட்டியும் வேண்டும்.

இவை உண்மைகள். இனி, வாசகரே, ஆளைப் பார்ப்போம்.

இவ்வினத்தாரை 'அதைவிடத் திறமானது'க்காரர் என்பேன். கேட்டதைக் கொடுப்பது இவர்களுக்கு இழுக்கு. நகரின் நடுவே ஏதோவொரு கட்டடத்தின் உச்சியில் புல் முளைத்திருப்பதைக் கண்டு, அதைக் கீழே நின்று மூன்று படம் பிடித்து, நூலகத்தில் இரண்டு சஞ்சிகைகளைப் பிரதியெடுத்து, அவற்றை நீண்ட அட்டைக் குழாயொன்றில் சுருட்டிக் கல்யாண வீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் ஒருங்கே காவித் திரிந்த அந்த ஆண்டிலேயே, தொட்டி என்ற சொல் வீரக்குட்டிக்குச் சிறுபிள்ளைத்தனமாகிவிட்டது.

"தொட்டியெண்டா ஆரும் கட்டலாம், தங்கச்சி. நாம கூரையில புல்லு வளப்பம். வகுப்பும் குளிரும், மழத்தண்ணியும் கூரையில நிக்கும்."

சங்கக் கூட்டத்தில் செயலாளர் கிளடிஸ் குறிப்பெழுதுவதை நிறுத்தினார். "புல்லுக்கு ஆரு தண்ணி ஊத்துற, அண்ணன்?"

"மழை."

"மாசி தொடங்கிப் புரட்டாசி மட்டும் மழையில்லையே."

"அப்ப தொட்டியிலயிருந்து ஊத்தலாம்."

"எந்தத் தொட்டி?"

"அது ரெண்டாம் கட்டம்."

மண்டபம் கைதட்டியது. ஏன் தட்டாது? இரண்டாம் கட்டம் உள்ள திட்டம் அதுவரை எங்களிடம் இருந்ததில்லை.

வரைபடம் யூனியன்வில்லில் தயாரானது. வரைந்தவர் இந்நாட்டுக் கணக்கின்படியே வரைந்தார். ஆகவே எங்கள் பள்ளிக் கூரை மூன்றடி உறைபனியைத் தாங்கும். தேங்காய் உடைக்கவே நிழல் தேடும் ஊரில் உறைபனி எப்போது விழும் என்று கிளடிஸ் கேட்டார். அந்தப் பனிக்கணக்கை நீக்க உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழு இருமுறை கூடியது. ஒருமுறை சிற்றுண்டியும் இருந்தது.

1996இல் அதிபர் மறுபடி எழுதினார்: தண்ணீருக்குப் போகும் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளில் பதினொருவர் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டார்கள். வீரக்குட்டி உடனே பதில் அனுப்பினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கூரையின் நீள அகலத்தை அடியில் அல்ல, மீற்றரில் தரும்படி கேட்டிருந்தார்.

1999 மே மாதக் கடிதம் நான்கு வரி. தொட்டி வேண்டாம், பீலி மட்டும் அனுப்பினால் போதும், வாளிகளைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள்.

"பீலியா?" என்றார் வீரக்குட்டி, அட்டைக் குழாயைத் திறந்தபடி. "மறுகா ஊருக்குள்ள நம்மள என்னண்டு சொல்லுவாங்க?"

சிரிக்கிறீர்கள். நல்லது. பீலியை ஒத்திவைக்கும் பிரேரணைக்கு அன்று கை உயர்த்தியோர் நாற்பது பேர். வாக்களிக்கும் உரிமையோடு மண்டபத்தில் இருந்தோர் நாற்பத்தொருவர். கிளடிஸ் உயர்த்தவில்லை. நீங்கள் அன்று எந்த வரிசையில் இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான் மூன்றாம் வரிசை.

ஆறு ஆண்டுகள்.