கடைமடைக்கு வந்த வெந்நீர்

காவிரித் தண்ணீருக்காகச் சண்டை போட்டவர்களை நம் பக்கத்தில் எண்ணி முடியாது. வெந்நீருக்காகச் சண்டை போட்டு, ஒரு சொட்டுகூட அதிகம் கேட்காமல் ஜெயித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைக் கடைமடை அக்கா என்போம்.

தஞ்சாவூரில் புதுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் விடுதி அது. மூன்று தளம், இருபத்து நான்கு பேர். நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அறை கேட்டு வருகிறவர்கள் சாப்பாடு எப்படி, வைஃபை உண்டா என்று விசாரிப்பார்கள். அக்கா டிரங்குப் பெட்டியோடு வந்து நின்று ஓனரம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, மொட்டை மாடி டேங்கிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிற குளியலறை எது என்பது. தரைத்தளத்துக் கொல்லைப்புறக் குளியலறை என்று தெரிந்ததும், அதற்கு எதிர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்களுக்குக் கீழ்வேளூர் பக்கங்க. ஆத்துல தொறந்த தண்ணி ஊரெல்லாம் பாஞ்சு, மிச்சம் இருந்தா எங்க வயலுக்கு வரும். கடைமடை. கடைசியில இருக்கறவங்களுக்குத்தான் தண்ணியோட அருமை தெரியும்."

அன்று சாயங்காலமே பெயர் ஒட்டிக்கொண்டது.

நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை. பகலெல்லாம் ஊரார் வயல்களையும் வரப்புகளையும் படமாக வரைந்துவிட்டு, விடுதிக்கு வந்ததும் குளியலறைப் பக்கம் காதை வைத்து உட்கார்ந்துவிடுவார். சொம்புச் சத்தத்தை வைத்தே உள்ளே குளிப்பது யார் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் நான் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, முப்பத்தொரு சொம்பு ஊற்றியும் காதோரம் ஷாம்பு போகவில்லை என்றார். தடவிப் பார்த்தேன். நுரை இருந்தது.

திருவையாற்றுப் பாட்டு டீச்சர் ஒருத்தி இரண்டாம் மாடியில் இருந்தாள். ஷவரைத் திறந்துவிட்டால் ராகத்தை அதன் மூதாதையர் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மூடுவாள். அக்கா மாடியேறிப் போய், கையைக் கட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். கதவு திறந்ததும் மிகப் பணிவாகச் சொன்னார்: "ரொம்ப நல்லாருந்துச்சுங்க. நாளைக்கு ஷவர மூடிட்டுப் பாடுங்க. சாகித்யம் இன்னும் தெளிவா கேக்கும்."

ஒரு மாதம் அவள் அக்காவோடு பேசவில்லை.

கார்த்திகை பிறந்து வானம் மூடிக்கொண்டதும் விவகாரம் பெரிதானது. எங்கள் மாடியில் இருந்தது சோலார் ஹீட்டர். வெயில் போதாத நாட்களுக்கென்று அதன் டேங்குக்குள் ஒரு கரண்டு காயில் உண்டு. போடுவதற்கு இருபத்து நான்கு பேருக்கும் ஞாபகம் வரும், அணைக்க ஒருவருக்கும் வராது. கரண்டு பில் வந்த அன்று ஓனரம்மா சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து, இனிமேல் காயில் கிடையாது, அடுத்த வாரத்திலிருந்து வெந்நீர்க் குழாயையே மூடிவிடப்போகிறேன் என்று அறிவித்தார்.

எல்லோரும் முணுமுணுத்தோம். முணுமுணுக்காதவள் ஸ்டெல்லா ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். காலை ஒன்பது மணிக்கு வருவாள். நோயாளிகளைத் தொட்ட உடம்போடு படுக்க மனம் வராமல், கொல்லைப்புறக் குளியலறையில் தலையோடு குளிப்பாள். அந்த நேரத்துக்கு வெந்நீர் மிஞ்சியதே இல்லை. பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இரண்டு போர்வைக்குள் இருமியபடி கிடப்பாள். குழாய் திறந்திருந்தாலும் மூடினாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓனரம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டார். காயிலைத் தொடாமல், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஸ்டெல்லாவுக்கு வெந்நீர் வரவைத்துக் காட்டுகிறேன். வராவிட்டால் குழாயை மூடுங்கள், நானும் அறையைக் காலி செய்கிறேன் என்றார். தொல்லை விட்டது என்ற சந்தோஷத்தில் ஓனரம்மா யோசிக்காமல் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. அக்கா மாடிக்கும் கீழுக்குமாக நடந்து, விடுதிக் குழாய்களையெல்லாம் ஆறு, வாய்க்கால், மதகு என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினார். ஒழுகிக்கொண்டிருந்த ஒரு வெந்நீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றினார். வெளிச்சுவரில் வெறுமனே இறங்கிய குழாய்க்குப் பழைய சாக்கையும் எங்கள் பழைய நைட்டிகளையும் சுற்றிக் கட்டினார். தெருவிலிருந்து பார்த்தால் கட்டடத்துக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டதுபோல் இருந்தது.

பிறகு எங்களை உட்காரவைத்து விசாரணையை ஆரம்பித்தார். வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் என்ன வருகிறது? குழாயில் நின்று ஆறிப்போன தண்ணீர் என்றோம். அதை என்ன செய்கிறோம்? சூடு வரும்வரை ஓடவிடுகிறோம். சூடு வந்த பிறகு? தாங்க முடியாமல் மற்றக் குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் விளாவுகிறோம்.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "சாக்கடைக்கு விட்டீங்களே, அதையே வாளியில புடிச்சு வச்சா வெளாவறதுக்கு ஆச்சுல்ல?"

இத்தனை பேர் பட்டம் வாங்கியிருந்தும் இது ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சட்டங்கள் இரண்டுதான். ஷவர் கூடாது, வாளியும் சொம்பும் மட்டும். குழாய் ஆறிப்போக இடம் கொடுக்காமல் ஒருவர் பின்னால் ஒருவர் குளிக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவுக்குப் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. யாரோ பழக்கதோஷத்தில் ஷவரைத் திறந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே எல்லாக் குளியலறையிலும் ஷவரின் தலை காணாமல் போயிற்று. ஒன்பதும் அக்காவின் கட்டிலுக்கடியில் இருந்தன. பெரிய ரகளை. அக்கா அசையவில்லை. செவ்வாய் வெதுவெதுப்பு. புதன் இன்னும் கொஞ்சம் சூடு. வியாழன் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளியும் விடவில்லை. சோலார் என்ன செய்யும்? வெள்ளி மாலை அக்கா துணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று தளம் தளமாக ஏறி இறங்கியவள் பாட்டு டீச்சர். நமக்கெல்லாம் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, வெயில் வருகிறவரைக்கும் யாரும் வெந்நீர்க் குழாயைத் தொடக்கூடாது என்று கதவு கதவாகத் தட்டிச் சொன்னாள். சனிக்கிழமை காலை நடுங்கிக்கொண்டே குளித்தோம். பத்து மணிக்கு மேகம் விலகியது. சாயங்காலம் வரை வெயில் காய்ந்தது.

ஞாயிறு. அக்காவின் சட்டப்படி ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வெந்நீரில் குளித்து முடித்து, தரைத்தள வராந்தாவில் கூடி நின்றோம். ஓனரம்மாவும் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். ஒன்பது மணிக்கு வந்த ஸ்டெல்லா இத்தனை பேரைப் பார்த்து மிரண்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அக்கா," என்றாள் உள்ளேயிருந்து. "கை வைக்க முடியல. ரொம்ப சுடுது."

அக்கா கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். "வெளாவிக்கம்மா," என்றார்.

வராந்தாவில் கிளம்பிய கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓனரம்மா விறுவிறுவென்று மாடியேறி, காயிலின் ஃபியூஸைத் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதமே அறை கேட்டு வந்தவர்களிடம், எங்கள் விடுதியில் இப்படியொரு ஏற்பாடு, எல்லாம் என் யோசனை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டு டீச்சர் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்து, முதல் விள்ளலை அக்கா வாயில் ஊட்டினாள். ஸ்டெல்லா அந்த மார்கழி முழுக்க ஒருநாள்கூட இருமவில்லை.

போன வருஷம் நாங்கள் வீடு கட்டினோம். குளியலறைக் குழாய் போடுகிற நாளில் அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு பஸ் மாறி வந்தார். ஹீட்டரை எங்கே மாட்டுவது என்று பிளம்பரோடு காலையிலிருந்து மாலை வரை மல்லுக்கட்டி, போட்ட குழாயைப் பிடுங்கவைத்து, பாதி நீளத்தில் வேறு போடவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு, இவங்க உனக்கு என்ன உறவு என்று என் கணவர் கேட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், எங்க அக்கா என்றேன்.

அடுத்த முறை அக்கா வந்தபோது என் கணவர்தான் கதவைத் திறந்தார். "வாங்க அண்ணி," என்றார்.